மாண்டலின் தந்திகளும் யானும்

நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதித் தரல் வேண்டும் என்று பத்திராதிபர் கேட்டபொழுது, "பௌதிகம் கற்பிக்கும் எனக்கும் தமிழ் உரைநடைக்கும் என்ன தொடர்பு?" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முயன்றேன். அவர் விடுவதாயில்லை. "தாங்கள் செய்த சோதனைகளில் ஒன்றைப் பற்றி எழுதினாலும் போதும்" என்றார். ஆய்வுக்கூடத்தில் யான் செய்த சோதனைகளெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளவை. அவற்றை மலரிலும் படித்து இன்புறுவார் எவருமிலர். ஆயினும், வீட்டில் யான் இரண்டாண்டுக் காலம் செய்த சோதனை ஒன்று உண்டு. வகுப்பில் மாணாக்கருக்கு நாள்தோறும் எடுத்தோதும் விதிகள் யாவற்றையும் அச்சோதனையில் யானே மீறினேன். அதன் வரலாற்றையே ஈண்டு எழுதத் துணிந்தேன். பிழைகள் மிகுதி, ஆதலின் படிப்பவர்க்குப் பயனும் சிறிது இருக்கலாம்.

எந்தையார் நாகர்கோவிலுக்கு அருகே ஒரு கடலோர ஊரில் எழுத்தராய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு மாண்டலின் இருந்தது. தட்டை முதுகும், நடுவில் முட்டை வடிவான துளையும் உடையது. செய்தவர் பெயர் ஒட்டியிருந்த சீட்டு எப்பொழுதோ உதிர்ந்து போயிற்று. இவர் முறையாக இசை பயின்றவரல்லர். மாலையில் அலுவலகத்தினின்று வந்து, கை கால் கழுவி, திண்ணையில் அமர்ந்து, மோகன ராகத்தில் அமைந்த ஒரு பாட்டை அரை மணி நேரம் வாசிப்பார். நாற்பதாண்டுக் காலம் அதே பாட்டு. ஏறக்குறைய அதே பிழைகள். என் அன்னையார் அந்நேரத்தில் முற்றத்தில் பூத்தொடுத்துக் கொண்டிருப்பார். இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளமாட்டார்கள். அப்பாட்டு முடிந்தால் எங்கள் வீட்டில் விளக்கேற்றும் நேரம் ஆயிற்று என்று பொருள்.

2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எந்தையார் காலமானார். சில வாரங்கள் சென்றபின் ஒரு நாள் அன்னையார், "மக்களே, அந்தப் பெட்டியை நீ எடுத்து வைத்துக்கொள். ஆண்டு நினைவு நாளில் அப்பாவின் பாட்டை ஒரு முறை வாசிக்கமாட்டாயா?" என்று கேட்டார். யான் மாணவப் பருவத்தில் சிறிது பழகியவனாதலின் இசைந்தேன். இதுவே என் சோதனையின் தோற்றுவாய்.

பெட்டியைத் திறந்தேன். தந்திகள் கறுத்துக் கிடந்தன. தொட்ட விரல் கறையாயிற்று. கடற்காற்றும் கைவியர்வையும் எஃகைத் தின்னும் என்பது நாம் அறிந்ததே. எந்தையாரின் வாத்தியத்தைச் செம்மையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆர்வத்தால், அன்றே எட்டுத் தந்திகளையும் கழற்றிச் சுருட்டிக் குப்பையில் எறிந்தேன். அவற்றின் கனம் என்ன, எவ்வுலோகத்தாலானவை என்று குறித்துவைக்கவில்லை. தந்திகளின் வளையங்களை மாட்டும் கொக்கித் தகட்டில் துருப்பிடித்திருந்தது. அதனையும் ஓர் அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். ஒரே மாலையில் இரண்டு குற்றங்கள் செய்துவிட்டு, நற்செயல் செய்தவன்போல் மகிழ்ந்து உறங்கச் சென்றேன்.

மாண்டலினை அறியாத அன்பர்களுக்காகச் சில சொற்கள். இவ்வாத்தியத்தில் தந்திகள் எட்டு. இவ்விரண்டாக நான்கு இணைகள். ஓர் இணையின் இரு தந்திகளும் ஒரே சுருதியில் கூட்டப்படும். வயலினைப் போலவே, கீழிருந்து ஜி, டி, ஏ, இ என்று ஒவ்வோர் இணையும் முன்னதன் பஞ்சமத்தில் நிற்கும். அவற்றின் அதிர்வெண்கள் வினாடிக்கு ஏறக்குறைய 196, 294, 440, 659 ஆகும். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலிய தேசத்து நேப்பிள்ஸ் நகரில் இது இன்றைய உருவை அடையத் தொடங்கியபொழுது, மேல் இணை ஆட்டின் குடல்நரம்பாலும், மற்றவற்றிற் பல பித்தளையாலும் ஆகியிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகரத்து வினாச்சியா குடும்பத்தைச் சேர்ந்த பாஸ்குவாலே என்னும் கைவினைஞர் எஃகுத் தந்திக்கு ஏற்றவாறு இவ்வாத்தியத்தை வலுப்படுத்தினார். அன்று முதல் மாண்டலினின் குரல் எஃகின் குரலாயிற்று. மேல் இரண்டு இணைகள் வெறும் எஃகுக் கம்பிகள். கீழ் இரண்டு இணைகளில் எஃகுக் கருவின்மேல் வேறோர் உலோகக் கம்பி நெருக்கமாய்ச் சுற்றப்பட்டிருக்கும். கம்பியை மிகவும் தடிப்பாக்கினால் அது தந்தியாக இராமல் கோல்போல விறைத்துவிடும். நெகிழ்ச்சி கெடாமல் எடை கூட்டுவதற்கே இச்சுற்று. அச்சுற்று எவ்வுலோகத்தால் ஆயது என்பதிலேதான் தந்தி செய்வோர் தத்தம் திறமையைக் காட்டுகின்றனர்.

நகரத்துக் கடை ஒன்றில் பாஸ்பர் வெண்கலம் சுற்றிய மெல்லிய வகைத் தந்திகளை முதலில் வாங்கினேன். இவ்வுலோகம் பெரும்பாலும் செம்பு; நூற்றுக்கு எட்டு அளவில் வெள்ளீயம்; சிறிதே பாஸ்பரம். பூட்டிச் சுருதி கூட்டி அப்பாட்டை வாசித்தேன். நாதம் கணீரென்று எழுந்தது. அன்னையார் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் புதுச்செம்பைத் தட்டினாற்போல் இருக்கிறது. உன் அப்பா வாசித்தது இப்படி இராது" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. எந்தையாரின் நாதத்தை எப்படியும் மீட்டுவிடுவேன் என்று தீர்மானித்தேன். சாஸ்திரம் கற்றவனுக்கு இது எம்மாத்திரம் என்னும் செருக்கும் உடனிருந்தது.

பத்து நாள் செல்லுமுன் மேல் இணையில் ஒரு தந்தி அறுந்தது. மாற்றினேன், அதுவும் அறுந்தது. மூன்றாவதும் அறுந்தபொழுது எனக்குச் சினம் மூண்டது. கடைக்குச் சென்று, "பழைய சரக்கை விற்கிறீர்" என்று கடைக்காரரிடம் வன்மையாய்ப் பேசினேன். அவர் வயதில் மூத்தவர். ஏதோ சொல்ல வாயெடுத்தார். யான் கேட்கவில்லை. மெல்லிய தந்தியாதலின் அறுகிறது என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு, அடுத்த தடிப்பான வகையைத் தபாலில் வருவித்தேன். முன்னதன் மேல் தந்தி 0.25 மில்லிமீட்டர், இதன் மேல் தந்தி 0.28. தடித்த கயிறு அறாது என்பது கிணற்றடியில் கற்ற பாடமன்றோ? இரண்டு வாரத்தில் அதுவும் அறுந்தது.

அப்பொழுதுதான் காகிதத்தையும் எழுதுகோலையும் எடுத்தேன். மெர்சன் என்னும் பிரெஞ்சு தேசத்துத் துறவியார் 1636-ல் வெளியிட்ட நூலில் தந்திகளின் விதிகளை வகுத்துரைத்தார். அவற்றை ஆண்டுதோறும் யான் கரும்பலகையில் எழுதி வருகிறேன். தந்தியின் நீளம் கூடினால் அதிர்வெண் குறையும்; இழுவிசை கூடினால் அதன் வர்க்கமூலத்திற்கு ஏற்பக் கூடும்; எடை கூடினால் அதன் வர்க்கமூலத்திற்கு ஏற்பக் குறையும். ஆகவே நீளமும் சுருதியும் மாறாதிருக்கத் தந்தியை மட்டும் தடிப்பாக்கினால், அதனை அச்சுருதிக்கு ஏற்றுவதற்கு அதே விகிதத்தில் மிகுதியாய் இழுக்க வேண்டும். மெல்லிய தந்திக்கு ஏறக்குறைய எட்டரைக் கிலோ இழுவிசை. தடித்த தந்திக்குப் பத்துக் கிலோவுக்கு மேல். பருமனும் கூடியது, பாரமும் அதே அளவில் கூடியது. எனவே, ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகு தாங்கும் சுமை இரண்டிலும் ஒன்றே. 35 சென்டிமீட்டர் நீளத்திற்கு ஏறக்குறைய 170 கிலோ. தடிப்பான தந்தி அறாது என்பது கிணற்றுக் கயிற்றுக்குப் பொருந்தும். சுருதி கூட்டிய தந்திக்குப் பொருந்தாது. உள்ளதைச் சொன்னால், மெல்லியதாய் இழுக்கப்பட்ட எஃகுக் கம்பி பருமனுக்கு ஏற்ப நோக்கின் சற்று வலியதேயாகும். இருபதாண்டு யான் கற்பித்த விதி, என் கையிலிருந்த தந்திக்கும் உரியது என்பது எனக்குத் தோன்றாமற் போயிற்று.

பின் அறுந்ததேன்? அறுந்த துண்டுகளை எடுத்து வரிசையாய் மேசைமேல் வைத்தேன். நான்கும் ஒரே இடத்தில் அறுந்திருந்தன. வளையத்திலிருந்து ஒரே தொலைவில், கொக்கித் தகட்டின் விளிம்பைத் தந்தி கடக்குமிடத்தில். உருப்பெருக்காடி கொண்டு நோக்கினால், அவ்விளிம்பில் மயிரளவான ஒரு பிசிறு. யான் அரத்தால் தேய்த்து உண்டாக்கிய பிசிறு! நுண்ணிய உப்புத்தாளால் அதனை இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டேன். அன்று முதல் இன்றுவரை அவ்விடத்தில் ஒரு தந்தியும் அறுந்ததில்லை. கடைக்காரரை நினைத்தபொழுது நாணினேன்; ஆனால் போய்ச் சொல்லவில்லை.

தடித்த தந்திகளின் நாதம் பெரிதாயிருந்தமையால் அவற்றையே வைத்துக்கொண்டேன். அன்னையார், "ஊரைக் கூட்டுகிறாய்" என்று மட்டும் சொன்னார். மூன்று மாதத்தில் மெட்டுகளின்மேல் தந்தி உரசி இரைச்சல் எழலாயிற்று. நாகர்கோவிலில் வீணை முதலியன பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுசென்றேன். அவர் வாத்தியத்தைக் கண்ணுக்கு நேரே ஏந்தி, விளிம்போரமாய் நோக்கிவிட்டு என்னிடம் கொடுத்தார். "பாருங்கள் சார்."

நோக்கினேன். குதிரையின் அடியில் மேற்பலகை சற்றே குழிந்திருந்தது.

"இதற்கு முன் இருந்த தந்தி என்ன?" என்று கேட்டார்.

"தெரியாது ஆசாரியாரே. எறிந்துவிட்டேன்."

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பழைய பலகை. இத்தனை ஆண்டாய் ஒரு பாரத்திற்குப் பழகிவிட்டது. நீங்கள் திடீரென்று மூட்டையைக் கூட்டினால் அது என்ன செய்யும்? இறக்கிவிடுங்கள். ஒரு மாதம் தந்தியே இல்லாமல் இருக்கட்டும். உள்ளே ஒரு கட்டை பிளந்திருக்கிறது, ஒட்டித் தருகிறேன்" என்றார்.

வீட்டிற்கு வந்து கணக்கிட்டேன். மெல்லிய வகையில் எட்டுத் தந்திகளின் இழுவிசையும் சேர்ந்து 70 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தடித்த வகையில் 80 கிலோவுக்கு அணித்து. இழுவிசையில் ஒரு பங்கே குதிரை வழியாய்ப் பலகையை அழுத்தும். ஆயினும் இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள பழம்பலகைக்கு அது சிறிதன்று. இன்னும் சில மாதம் யான் விழியாதிருந்தால், எந்தையாரின் நாதத்தைத் தேடிய ஆவலாலேயே அவருடைய வாத்தியத்தை உடைத்திருப்பேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பலகை குணமடைந்தபின் மறுபடியும் தொடங்கினேன். இம்முறை மெல்லிய வகைகளையே நாடினேன். செம்பு எண்பதும் துத்தநாகம் இருபதுமாய்க் கலந்த தந்திகளைப் பூட்டினேன். வெண்கலம் என்று வணிகர் அழைப்பினும் இது உண்மையில் பித்தளையே. முதல் வாரம் மின்னலைப்போல் ஒளிர்ந்த நாதம், கடற்காற்றில் விரைவிலேயே மங்கிற்று. மங்கியதைப் பழுதென்று கருதிக் கழற்றி எறிந்தேன். பின்னர், சுற்றுக் கம்பி உருண்டையாயிராமல் தட்டையாய், மேற்புறம் வழவழப்பாய் அமைந்த தந்திகளை வருவித்தேன். விரல் வழுக்கிச் சென்றது. கீறல் ஓசை அறவே இல்லை. நாதமோ அடங்கியது. "போர்வைக்குள்ளிருந்து பேசினாற்போல்" என்றார் அன்னையார். பிறகு மோனெல் என்னும் கலவை. மூன்றில் இரண்டு பங்கு நிக்கலும் எஞ்சியது பெரும்பாலும் செம்புமாய் அமைந்தது. 1906-ல் உரிமைப் பதிவு பெற்றது. உப்புக் காற்றுக்கு எளிதில் கறுக்காது. உலர்ந்த, நேரான நாதம். "நன்று, ஆனால் வேறு யாரோ வாசிக்கிறார்" என்றார்.

இடையில் ஒரு வாரம் இன்னொரு பேராசையும் பிடித்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் அவர்கள் எந்தையாரின் பெருமதிப்புக்கு உரியவர். ஆந்திர தேசத்துப் பாலகொல்லுவில் 1969-ல் பிறந்து, 2014-ல் சென்னையில் மறைந்த அம்மேதை, இரட்டைத் தந்திகளை ஒழித்து, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினில் கருநாடக இசையின் கமகங்களை வீணைக்கு நிகராய் வாசித்துக் காட்டினார். இரண்டு தந்திகளை ஒரே விரலால் ஒருங்கே இழுத்துக் கமகம் செய்தால், இரண்டும் ஒரே அளவில் ஏறுவது அரிது. சுருதி சிறிது பிரிந்தாலும் விம்மல் எழும். ஒன்று 659 முறையும் மற்றது 661 முறையும் அதிர்ந்தால், வினாடிக்கு இரண்டு விம்மல் செவியில் படும். ஒற்றைத் தந்தியில் அவ்விடர் இல்லை. யானும் ஒவ்வோர் இணையிலும் ஒன்றைக் கழற்றிவிட்டு வாசித்தேன். கொசுவின் ரீங்காரம்போல் மெலிந்த ஓசையே வந்தது. அவருடைய தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருள் வாங்கிப் பெருக்கியது. என் தந்திக்கோ பழம்பலகை ஒன்றே துணை. இரண்டு தந்திகளும் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்தால்தான் அப்பலகை பேசும். மேலும், எந்தையார் வாசித்தது மீட்டும் தகடு தடதடவென்று இரட்டைத் தந்தியில் உருளும் நாதம். அவர் மதித்தவரின் வழி வேறு. அவர் வழி வேறு.

இவ்வளவும் செய்த காலத்தில், உலோகத்தை மாற்றும்பொழுதே மீட்டும் தகட்டையும் மாற்றினேன். குதிரையைச் சில நாள் உயர்த்தினேன், சில நாள் தாழ்த்தினேன். எதனால் எது விளைந்தது என்று சொல்ல என்னிடம் ஒரு குறிப்பும் இல்லை. "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக, மற்றவற்றை அப்படியே வைத்திடுக" என்று மாணாக்கரின் பதிவேட்டில் சிவப்பு மையால் எத்தனை முறை எழுதியிருப்பேன்!

2016 ஆகஸ்டில் நினைவு நாள் வந்தது. உறவினர் சிலர் கூடியிருந்தனர். மோனெல் தந்திகளில் அப்பாட்டைப் பிழையின்றி வாசித்தேன். எல்லாரும் பாராட்டினர். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை; பாட்டு முடியுமுன்பே எழுந்து உள்ளே சென்றார். விளக்கேற்றத்தான் சென்றார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அன்றோடு மாண்டலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஐப்பசி மழையில் முற்றத்து மல்லிகைக்கொடி சாய்ந்தது. அதனைத் தூக்கி நிறுத்தும்பொழுது என் விரலில் ஏதோ குத்திற்று. கொடியைத் தூணோடு பிணைத்திருந்தது ஒரு கம்பி. கறுத்து, சுருண்டு, நெருக்கமாய்ச் சுற்றப்பட்ட கம்பி. அதன் நுனியில் ஒரு சிறு வளையம்.

"அம்மா, இது எங்கிருந்து வந்தது?"

"நீ குப்பையில் போட்டாயே, அப்பாவின் கம்பி. நல்ல உறுதியான கம்பி; வீணாய்ப் போவானேன் என்று எடுத்துக் கட்டினேன்" என்றார் அன்னையார். சற்று நின்று, "அறுந்தாலொழிய அவர் மாற்றவே மாட்டார். ஒன்று அறுந்தால் ஒன்றை வாங்கிவருவார். அதையும் மாதக்கணக்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கவுமாட்டார்" என்றார்.

எட்டுத் தந்திகளும் அக்கொடியில் இருந்தன. யான் ஓராண்டுக் காலம் தேடியலைந்தது என் வீட்டு முற்றத்தில் மல்லிகையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவிழ்த்தெடுத்துக் கல்லூரி ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுசென்று, திருகு அளவியால் அளந்தேன். ஓரளவு தேய்ந்திருந்தும், இணைக்கு ஒன்றாய் அளந்ததில் 0.25, 0.35, 0.61, 0.96 மில்லிமீட்டர். யான் முதன்முதல் கடையில் வாங்கிய மெல்லிய வகையின் அளவுகளே அவை! சுற்றுக் கம்பியின் இடுக்குகளில் பச்சை நிறக் களிம்பு படிந்திருந்தது; ஆகவே அது செம்பு கலந்த உலோகம், நிக்கலன்று. வெறும் எஃகுத் தந்திகளில், மெட்டுகள் பட்ட இடங்களில் சிறுசிறு தட்டைத் தழும்புகள். மூன்றாவது, நான்காவது மெட்டுகளில் மிகுதி. மேலே போகப் போக ஒன்றுமில்லை. நாற்பதாண்டு அந்த ஒரே பாட்டு.

இனி விடை தெளிவாயிற்று. புதிய சுற்றுத் தந்தியின் நாதம் கணீரென்றிருப்பது அதன் மேல்சுரங்களால். அடிப்படை அதிர்வோடு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, இன்னும் உயர்ந்த மடங்குகளாய் உடனெழும் அதிர்வுகளே அவை. விரலின் எண்ணெயும் வியர்வையும் தூசியும் சுற்றுகளின் இடுக்கில் நிறைய நிறைய, சுற்றோடு சுற்று உரசி அவ்வுயர்ந்த அதிர்வுகளை முதலில் விழுங்கிவிடும். கீழ் அதிர்வுகளே எஞ்சும். நாதம் மங்கி, கனிந்து, சற்றே கரகரத்து நிற்கும். தந்தி விற்போர் இதனை இறந்த தந்தி என்பர். எந்தையாரின் நாதம் என்று அன்னையார் செவியில் நிலைத்திருந்தது அந்நாதமே. எவ்வுலோகத்தை யான் வாங்கினும் அது கடையில் கிடைத்திராது. நாள்தோறும் வாசித்து உண்டாக்க வேண்டியதை விலைகொடுத்து வாங்கப் பார்த்தேன்.

மறுநாள் அக்கடைக்காரரைக் காணச் சென்றேன். அறுந்ததற்குக் காரணம் என் அரமே என்று கூறி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "அன்றைக்கே சொல்ல வந்தேன் சார். உங்கள் அப்பா இருபது ஆண்டுக்கு மேலாய் என்னிடம் இதே தந்தியைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார். உங்களிடமும் அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன்" என்றார். அன்று யான் அவர் வாயை அடைக்காதிருந்தால், ஓராண்டு அலைச்சலும் பலகையின் பிளவும் இல்லை.

அவரிடமிருந்து அதே மெல்லிய வகையை வாங்கிப் பூட்டினேன். இம்முறை மீட்டும் தகட்டை மாற்றவில்லை, குதிரையை அசைக்கவில்லை, தந்தியைத் துடைக்கவுமில்லை. ஒவ்வொரு மாலையும் அரை மணி நேரம் திண்ணையில் அமர்ந்து அப்பாட்டை வாசித்தேன். ஒரு பதிவேட்டில் நாளும் குறிப்பும் எழுதிவந்தேன். முதல் மாதம் செம்பின் ஒலி. மூன்றாம் மாதம் கீழ் இணைகள் அடங்கத் தொடங்கின. ஆறாம் மாதம் மேல் இணையில் ஒரு தந்தி துருவேறி அறுந்தது. அது ஒன்றையே மாற்றினேன். புதியதும் பழையதும் ஓரிணையாய் நின்றபொழுது, முழுவதும் ஒத்துப்போகாத ஒரு மெல்லிய நடுக்கம் நாதத்தில் புகுந்தது. அதனைக் கேட்டதும் எனக்கு எங்கள் பழைய திண்ணை நினைவுக்கு வந்தது.

2017 ஆகஸ்டில் இரண்டாம் நினைவு நாள். உறவினர் எவரும் வரவில்லை. அன்னையார் முற்றத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். யான் வாசித்தேன், நடுவில் ஓரிடத்தில் இடறினேன். பாட்டு முடிந்ததும் அவர் தலைநிமிராமலே, "கிட்ட வந்துவிட்டது" என்றார். பிறகு, "ஆனால் அவர் அந்த இடத்தில் இடறமாட்டார்; அதற்கு அடுத்த இடத்தில்தான் இடறுவார்" என்றார். எழுந்து விளக்கேற்றச் சென்றார்.

சோதனையின் முடிவு இவ்வளவே. தந்தியின் கனத்தையும் உலோகத்தையும் வயதையும் அளக்கலாம்; யான் அளந்தேன். ஒரு கை நாற்பதாண்டில் எங்கே தயங்கும், எங்கே விரையும் என்பது அளவியில் அகப்படாது. அதனை அன்னையார் ஒருவரே அறிவார். யானும் இப்பொழுது அவரிடம் சிறிது சிறிதாய்க் கேட்டுக் கற்று வருகிறேன்.

இம்மலரைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பழையதொன்றைக் கழற்றி எறியுமுன் அதனை அளந்து குறித்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். அறுந்த தந்தியைக் கண்டால், அது எங்கே அறுந்தது என்று பார்த்தபின் கடைக்காரரிடம் செல்லுங்கள். அவர் பேச வாயெடுத்தால் கேளுங்கள். எங்கள் மல்லிகைக்கொடி இப்பொழுது சணற்கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. எந்தையாரின் தந்திகள் எட்டும், அளவுகள் எழுதிய சீட்டோடு, மாண்டலின் பெட்டிக்குள் இருக்கின்றன.